பட்டா யார் பேரில்?

என் மச்சினன் காங்கேயம் பக்கத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆலை ஆரம்பித்தான். கடலை மூட்டை வந்து இறங்குவதற்குள் அவனுக்கு வெப்சைட் ஆசை வந்துவிட்டது. “ஏனுங் மாமா, உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே” என்று பொறுப்பை என் தலையில் கட்டினான். கம்ப்யூட்டரில் நான் செய்வது ஜிஎஸ்டி கணக்கு மட்டும்தான் என்பதைக் குடும்பத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை.

முகப்பில் என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்தான். முதலில், செக்கைச் சுற்றி வரும் காங்கேயம் காளை. அவன் ஆலையில் செக்கைச் சுற்றுவது மோட்டார். “காளை எங்கே?” என்றேன். “டிசைன்ல போட்டுக்கலாமுங்” என்றான். அடுத்து, ‘தலைமுறை தலைமுறையாய்’ என்றொரு வரி. கடை திறந்து சாம்பிராணி வாசம்கூடப் போகவில்லை. ‘எங்கள் குழு’ என்ற பக்கத்தில் என் மாமியார் தலைமை நிதி அதிகாரி. கல்லாச் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது என்பதால் இதை மட்டும் மறுக்க முடியவில்லை. ‘எங்கள் தொலைநோக்கு’ என்ற பக்கத்துக்கு விஷயம் கேட்டேன். அடுத்த மாதக் கரண்ட் பில் வரை யோசித்து வைத்திருந்தான்.

டிசைனர் ஒருவர் கொட்டேஷன் அனுப்பினார். அதில் வேர்ட்பிரஸுக்குத் தனியாக ஒரு தொகை. தளம் கட்ட உதவும் அந்த மென்பொருள் 2003-ல் வெளிவந்த நாள் முதல் இலவசம். தளத்துக்கான எஸ்எஸ்எல் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இன்னொரு தொகை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2015-லிருந்து அதைச் சும்மாவே கொடுக்கிறது. டொமைன் என்கிற தள முகவரி மட்டும் முதல் வருஷம் 99 ரூபாய். அதன் கீழே, எறும்பு படிக்கும் அளவு எழுத்தில், இரண்டாம் வருஷத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம்.

இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமனார் வாயைத் திறந்தார். “இந்த டொமைனுங்கறது கிரயமா, குத்தகைங்களா மாப்ள?”

“குத்தகைதானுங்க. வருஷா வருஷம் புதுப்பிக்கணும்.”

“பட்டா யார் பேர்ல?”

கொட்டேஷனைப் புரட்டினேன். டொமைன் டிசைனர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவாகும் என்று இருந்தது. நாளைக்கு அவரோடு மனஸ்தாபம் வந்தால் கடையின் பெயர் அவர் கையில், எண்ணெய் மட்டும் நம் கையில். வரப்புத் தகராறுக்காகப் பாதி ஆயுளைத் தாராபுரம் கோர்ட்டில் கழித்தவர் என் மாமனார். இன்டர்நெட்டே பார்க்காமல் அதன் வில்லங்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

டொமைனை மச்சினன் பெயரிலேயே பதிந்தோம். ‘டாட் இன்’ முகவரி, சாதாரண ஹோஸ்டிங், இலவச வேர்ட்பிரஸ், ஒரே ஒரு பக்கம். அவன் போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 5 எம்பி. எங்கள் ஊர் சிக்னலில் அது திறப்பதற்குள் வாடிக்கையாளர் மளிகைக் கடைக்குப் போய் பாக்கெட் எண்ணெய் வாங்கிவிடுவார். எல்லாவற்றையும் 200 கேபிக்குள் சுருக்கினேன். கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றுக்கும் லிட்டர் விலை, எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண், வாட்ஸ்அப் பொத்தான், கூகுள் மேப்பில் கடை இருக்கும் இடம். மேப்பில் கடையைப் பதிவதற்குக் காசே கிடையாது.

காளை இல்லாத வருத்தம் மச்சினனுக்கு இன்னும் இருக்கிறது. வருகிற போன் எல்லாம் “லிட்டர் என்ன விலைங்க?”, “கொரியர் உண்டுங்களா?” என்றுதான் கேட்கின்றன. தொலைநோக்கை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை.

புதுக்கடை போடுகிறவர்களே, தளத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்: டொமைன் யார் பேரில்? இரண்டாம் வருஷம் எவ்வளவு? பாஸ்வேர்டு யாரிடம்? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால், வாசலில் போர்டு மாட்டி, மேப்பில் கடையைப் பதிந்து, வியாபாரத்தைப் பாருங்கள். வெப்சைட் அடுத்த தையில் வந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.