கண்மாய்க்கரைக் கல்லும் வரவேற்பறைப் புத்தரும்

சம்மணம் போட்டு உட்கார்ந்த பழைய கற்சிலை எதுவானாலும் எங்கள் கரிசல் பக்கத்தில் அதற்கு ஒரு சாமி பெயர் கிடைத்துவிடும். அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் அப்படியொரு சிலையை அம்பலப்பசாமி என்று கும்பிடுகிறார்கள். சிறுவயதில் அப்பத்தா என்னை அங்கே கூட்டிப்போவாள். "தொட்றாதய்யா, சாமி தவசுல இருக்கு" என்பாள். மடியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் அந்த உள்ளங்கைகளில்தான் என் கண் போய் நிற்கும். பாடப்புத்தகத்தில் படம் பார்த்திருந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவர் புத்தர்.

அவர் சமணத் தீர்த்தங்கரர். குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு அந்தக் கோயில் இறைவனை முக்குடையார் என்கிறது. மூன்றடுக்குக் குடையும் ஆடையில்லாத உடம்பும் தீர்த்தங்கரருக்கு அடையாளம். புத்தருக்கோ சீவர ஆடையின் விளிம்பு மார்பின் குறுக்கே கோடாக ஓடும். சோழநாட்டுப் புத்தர்களுக்கு உச்சியில் தீச்சுடர் எழும். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த செப்புப் புத்தர்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்தால் அந்தச் சுடர் பளிச்சென்று தெரியும்.

திருச்சுழி என்றால் ரமணர் பிறந்த ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். சமணப் படிப்புக்கும் இந்தப் பக்கம் பேர் பெற்றிருந்தது. இந்த வட்டாரத்துக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த சமண ஆசிரியர்களின் மாணாக்கர் மதுரைச் சமணமலையில் திருமேனிகள் செய்வித்ததை அங்குள்ள கல்வெட்டுகள் சொல்கின்றன. வானம் பார்த்த பூமி இது. படிப்பில் வறண்டு கிடந்ததில்லை.

இன்று எங்கள் ஊரில் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனால் புத்தர் பரிசாக வந்து நிற்கிறார். அச்சில் வார்த்த பைபர் பொம்மை, பல வீடுகளில் தலை மட்டும். எனக்கு அது பொறுக்கவில்லை. புத்தரின் கதையைச் சொல்வதே கைகள்தாம். மடியில் இரு கை என்றால் தியானம். வலக்கை முழங்கால் வழியே இறங்கி நிலத்தைத் தொட்டால், ஞானம் பெற்றதற்குப் பூமியைச் சாட்சிக்கு அழைத்த நேரம். கழுத்தோடு நறுக்கிவிட்டால் இதில் எது மிஞ்சும்?

மாமல்லபுரத்துப் பட்டறையில் ஒரு சிற்பி புத்தர் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்லைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்டுத் தேர்ந்திருந்தார். நட்டநடுவே மேலிருந்து கீழாகக் காவியில் ஒரு கோடு. மூக்கு நுனி, தொப்புள், மடியில் அடுக்கிய கைகள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்பட்டவை. அளவு முழுக்க, முக நீளத்தை அலகாக வைக்கும் தாலக் கணக்கு. மேல்கல்லை இப்போது மெஷின் அறுத்துத் தள்ளிவிடுகிறது. முகத்துக்கு மட்டும் சிற்றுளிதான். பாதி மூடிய இமையை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். ஒரு கொத்து, ஊதித் தூசு போக்கல், விலகி நின்று ஒரு பார்வை, மறுபடி ஒரு கொத்து. இமை கூடுதலாக இறங்கினால் தூக்கம், ஏறினால் முறைப்பு. அச்சுக்கு இந்தக் கவலை எங்கே வரும்?

பழைய சிலைகளுக்கு நேர்வது இன்னும் கொடுமை, பெயரே மாறிப்போகிறது. சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று வழிபட்டு வந்த சிலை புத்தருடையதுதான் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தொல்லியல் துறை ஆராய்ந்து, அமர்ந்த நிலை, தியானக் கை, சுருள்முடி, நீண்ட காது என்று அங்கம் அங்கமாகப் பார்த்துத்தான் அதை உறுதிசெய்தது. இந்தக் குறிகளைப் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம்.

உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையிலோ கருவேலங்காட்டிலோ அப்படியொரு சிலை கிடந்தால் பெயின்ட் அடிக்காதீர்கள், சிமென்ட் பூசாதீர்கள், பெயர்த்து எடுக்காதீர்கள். இருக்கும் நிலையிலேயே போட்டோ எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடமும் விருதுநகர் அரசு அருங்காட்சியகத்திலும் சொல்லுங்கள். கும்பிடுகிறவர்கள் கும்பிடட்டும், சிலை யாருடையது என்று பக்கத்தில் ஒரு பலகை வைக்க ஊராட்சியைக் கேளுங்கள்.