புல்லட்காரரின் விசாரம்

மதுரை மாநகரில், மாசி வீதிகளிலும் சரி, எல்லிஸ் நகர், டி.வி.எஸ். நகர் போன்ற பிற்காலக் குடியிருப்புகளிலும் சரி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரும், நரைத்த மீசையை நாள்தோறும் சிரத்தையுடன் பராமரித்து வருபவரும், சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டாருக்குக் கூடத் தெரியாத போதிலும் ‘புல்லட்காரர்’ என்ற மாத்திரத்தில் சிறு பிள்ளைகளும் வாசல் வரை கொண்டுவந்து விடும்படியான கீர்த்தி படைத்தவருமான ஒரு மனிதரை, தெருவுக்கு ஒருவர் வீதம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அவர் வருவதற்கு முன்பே அவருடைய வண்டியின் நாதம் வந்துவிடும். தெருமுனையில் அது கேட்டதும் வீட்டில் காப்பிக்குப் பால் அடுப்பில் ஏறும்.

அவ்வண்டியின் பூர்வோத்தரத்தை அவர் சொல்லித்தான் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்து, நம் ராணுவத்தாரின் எல்லைக் காவலுக்காக இந்நாட்டுக்கு வரவழைக்கப்பட்டு, 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாருடன் ஏற்பட்ட கூட்டுறவினால் சென்னைவாசியாகி, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வம்சம் பெருகி, தாய்க் கம்பெனி 1970-ஐ ஒட்டிக் கதவை மூடிய பிறகும் இங்கே குறைவின்றி வாழ்ந்து வருகிற அந்தப் பரம்பரையை, அவர் தம் மாமனார் வீட்டுப் பரம்பரையைக் காட்டிலும் துல்லியமாக அறிவார். 346 சி.சி. எஞ்சினைக் கிளப்புவதும் சாமானிய காரியமன்று. ஆம்பியர் மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும் வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷர் என்னும் சிறு லீவரை விரலால் பிடித்துப் பிஸ்டனை அணுவளவு நகர்த்தி, காலை மேலே எடுத்து, பிறகு ஒரே மிதி. முறை தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். மேலும், கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. ஏனைய வண்டிகள் யாவும் இதற்கு நேர் விரோதம். உலகம் முழுவதும் தப்பாகப் போட்டுவிட்டது என்பது அவர் சித்தாந்தம்.

இப்பேர்ப்பட்ட வாகனத்துக்குத்தான் சென்ற மாசி மாதத்தில் விபத்து நேர்ந்தது. நம் ஜில்லாவில் தார்ச்சாலைகள் போடப்பட்டதே கொள்ளும் எள்ளும் அடிப்பதற்காகத்தான் என்பது கிராமத்தாரின் அபிப்பிராயம். பிடுங்கிய செடியைச் சாலையில் பரப்பிவிட்டால் போகிற வருகிற சக்கரங்கள் கூலியின்றி அடித்துக் கொடுத்துவிடும். அழகர்கோவிலில் தரிசனம் முடித்து மேலூர் மார்க்கமாகத் திரும்பிய நம் புல்லட்காரர், முழங்கால் உயரம் பரப்பியிருந்த கொள்ளுச் செடியின் மேல் ஏறி, அதன் மேலேயே பிரேக்கையும் மிதித்து, வண்டி ஒரு பக்கம் தாம் ஒரு பக்கமாகச் சறுக்கிச் சென்றதில், வண்டி ஓடைப்பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது. தலைக்கவசத்தை இடது முழங்கையில் மாட்டியிருந்தமையால் அந்த முழங்கைக்கு யாதொரு சேதமும் இல்லை. வலது மணிக்கட்டில்தான் எலும்பு முறிவு.

அன்று மாலை முதல் வீட்டில் துக்கம் விசாரிக்க வருவது போல ஜனங்கள் வரத் தொடங்கினர். வந்தவர்கள் திண்ணையில் அமர்ந்து, சிறிது நேரம் மௌனமாக இருந்து, பிறகு தணிந்த குரலில், “டேங்க்குக்கு ஒண்ணும் ஆகலையே?” என்று கேட்டார்கள். மாவுக்கட்டுப் போட்ட கை அவர்கள் கண்முன்னே தூளியில் தொங்கிக்கொண்டிருந்தது. “மனுஷனைப் பத்தி ஒருத்தரும் கேக்கலையே” என்று அவருடைய தர்மபத்தினியார் உள்ளேயிருந்து சொன்னதை அவர் உள்பட எவரும் காதில் வாங்கவில்லை.

சிம்மக்கல் பக்கத்துப் பட்டறைக்கு வண்டி ஏற்றிச் செல்லப்பட்டது. மெக்கானிக், முப்பது வருஷமாக அவ்வண்டிக்குக் குல வைத்தியர், பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரம் வரை நூல் பிடித்துப் பார்த்து, ஒரு கண்ணை மூடி, இன்னொரு முறை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “சார், முன் போர்க்கு ரெண்டும் மடங்கிருச்சு. ரிம்முல கோட்டம் எடுக்க முடியாது, புதுசுதான். டேங்க்கைத் தட்டிப் பட்டி பாத்துரலாம். ஆனா சேஸிஸ் அவுட்டு.” நெருப்புக் காட்டி இழுத்து நிமிர்த்தலாம், ஆனால் கையை விட்டு ஓட்டினால் வண்டி தெப்பக்குளத்துக்கென்று கிளம்பித் திருப்பரங்குன்றம் போகும். அல்லது சென்னை புதுப்பேட்டையில் வேறு சேஸிஸ் வாங்கி மாற்றலாம். மூன்றாவது மார்க்கத்தை, காயலான் கடை என்ற சொல்லை உச்சரிக்காமலே, கையை மட்டும் ஒரு திசையில் காட்டித் தெரிவித்தார்.

செலவுக் கணக்கு எழுதிய துண்டுக் காகிதத்தைப் புல்லட்காரர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவருடைய சங்கடம் பணத்தைப் பற்றியதன்று, தத்துவத்தைப் பற்றியது. மிலிந்தன் என்ற யவன மன்னனைப் பார்த்து நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, “நீ வந்த தேர் எது? அச்சா, சக்கரமா, நுகமா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எதுவும் தேர் இல்லை என்று அவன் வாயாலேயே சொல்ல வைத்த பாலி நூற் சம்பாஷணையை அவர் படித்தவரல்லர், ஆயினும் அதே முட்டுச்சந்தில்தான் போய் நின்றார். பிஸ்டன் இருமுறை மாற்றியாயிற்று, கார்புரேட்டர் வேறு, சைலன்சர் மூன்றாவது, சீட்டு தைத்தது போன தீபாவளிக்கு. இவ்வளவுக்கும் அது அதே வண்டிதான் என்று சாதித்து வந்தவர், சேஸிஸையும் மாற்றிவிட்டால் எதைப் பிடித்துக்கொண்டு சாதிப்பது? நாகசேனர் விட்ட இடத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் திட்டவட்டமான பதில் வைத்திருக்கிறது. சேஸிஸில் வெட்டிய எண்தான் வண்டி; அதை மாற்ற வேண்டுமானால் முன்கூட்டி விண்ணப்பித்து அனுமதி பெற்று, ஆர்.சி. புத்தகத்தில் திருத்தமும் செய்துகொள்ள வேண்டும். ஆத்மாவை மாற்றிக்கொள்வதற்குப் படிவம் நிரப்பும் இடம் பூலோகத்தில் அது ஒன்றுதான்.

இன்சூரன்ஸ் சங்கதி சுருக்கமானது. முழுப் பாலிசி உள்ள வண்டிக்கு, பழுது பார்க்கும் செலவு ஒப்புக்கொண்ட மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘முழு நஷ்டம்’ என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுவார்கள். அவருக்கோ மாதக்கணக்கில் ஆகாத தீர்மானம் அவர்களுக்கு ஒரு வகுத்தல் கணக்கு. ஆனால் அவரிடம் இருந்தது மூன்றாம் நபர் பாலிசி. “அப்ப கொள்ளுச் செடிக்குச் சேதம்னா குடுப்பீங்க, என் வண்டிக்குக் கிடையாது?” என்று கேட்டார். ஏஜெண்டு யோசித்துப் பார்த்து, சட்டப்படி அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

நிமிர்த்திவிடுவது என்று சித்திரையில் ஒருவாறு நிச்சயமாயிற்று. அப்போது டேங்க் குறுக்கே வந்தது. அதன் மேல் ஓடும் பொன்னிறக் கோடு தொழிற்சாலையில் அச்சு வைக்காமல் தூரிகையால் கையாலேயே இழுத்தது. பட்டி பார்த்தால் பெயின்ட் அடிக்க வேண்டும், அடித்தால் அந்தக் கோடு போய்விடும். பெயின்டர் அதே போல் வரைந்து தருவதாகச் சொன்னார். “அதே போலன்னா அது இல்லைன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டுவிட்டு இவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இந்தச் சமயத்தில், வடதேச யாத்திரை போய் வந்த ஒரு சிநேகிதர், ராஜஸ்தானத்தில் பாலி நகருக்கும் ஜோத்பூருக்கும் இடையே சாலையோரத்தில் ஒரு புல்லட்டைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து, மாலையிட்டு, பூஜை செய்து, ஓம் பன்னா கோயில் என்று ஜனங்கள் வழிபட்டு வருவதைச் சொன்னார். நம்மவர் முகம் மலர்ந்தது. பழுதும் பார்க்க வேண்டாம், விற்கவும் வேண்டாம்; முன்வாசலில் ஒரு கூண்டு, ஒரு மின்சார விளக்கு. தச்சருக்கு ஆள் அனுப்பும் தருணத்தில் அம்மாள் சிநேகிதரைக் கேட்டார்: “ஏண்ணே, அந்த வண்டியை ஓட்டினவரு இப்ப எங்க இருக்காரு?” அவர் அந்த வண்டியில் சென்றபோது நேர்ந்த விபத்திலேயே காலஞ்சென்று, அதனாலேயே தெய்வமானவர் என்று சிநேகிதர் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அப்பக் கூண்டு செய்யலாம்; கொஞ்ச நாள் பொறுங்க” என்று அம்மாள் காப்பி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். தச்சருக்கு ஆள் போகவில்லை.

இருக்கிற நிலையிலேயே நல்ல விலை தருவதாகப் புரோக்கர் ஒருவர் வந்தார். “வேற யாருக்கும் பேசலைன்னு பதினெட்டாம்படிக் கருப்பு முன்னால சத்தியம் பண்றீங்களா சார்?” என்று அவர் வியாபாரத் தோரணையில் கேட்டது பெருந்தவறாகிவிட்டது. விற்கிற எண்ணமே இல்லாத மனிதரைச் சத்தியத்துக்கு அழைப்பதாவது!

விற்கும் எண்ணம் இல்லை என்றால் பழுது பார்க்கும் எண்ணமாவது உண்டா என்று வாசகர் கேட்கலாம். என் தாழ்மையான அபிப்பிராயத்தில் அதுவும் இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவரிடம் யாரும் நின்று பேசியதில்லை. அந்தச் சத்தத்தில் எப்படிப் பேசுவது? இப்போதோ பட்டறை வேப்பமரத்தடியில் தினந்தோறும் சபை கூடுகிறது; நிமிர்த்து என்போர் ஒரு கட்சி, மாற்று என்போர் ஒரு கட்சி; தேநீர்ச் செலவு இவருடையது; தலைமையும் இவருடையது. தீர்மானம் நிறைவேறினால் சபை கலைந்துவிடும் என்பதை அவர் அந்தரங்கத்தில் உணராமல் இருந்திருப்பாரா?

ஆவணி பிறந்ததும், தகப்பனார் படும் பாட்டைக் காணச் சகியாத மகன், புத்தம் புதிய புல்லட் ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். பட்டனை அழுத்தினால் கிளம்பும் வண்டி. மாவுக்கட்டு பிரித்த கையால் அதை ஒரு முறை தடவிப் பார்த்து, “சத்தமே பத்தாதுடா” என்று சொல்லிவிட்டு, மகன் மனம் நோகக் கூடாதே என்பதற்காகக் கோரிப்பாளையம் வரை ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். சிக்னலுக்கு முன்னால் ஒரு கரும்புச்சாற்று வண்டி குறுக்கிட்டது. முப்பது வருஷத்து அப்பியாசப்படி இடது காலை முழுப் பலத்துடன் மிதித்தார். அங்கே இருந்தது கியர்.

கரும்புச்சாற்றுக்காரருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டில் நஷ்டஈடு கிடைக்க மார்க்கம் உண்டு. புது வண்டியும் அதே வேப்பமரத்தடிக்கு வந்து சேர்ந்தது. இதற்கு முழுப் பாலிசி இருப்பதால் சர்வேயர் வந்து பார்க்க வேண்டும். அவர் கணக்குப் போட்டுச் சொல்லும் முடிவை ஏற்பதா கூடாதா என்பது பற்றி நாளை மாலை ஐந்து மணிக்குச் சபை கூடுகிறது.