ஆறு அறை, அறுபது யோசனை

டெக்ஸாஸில் எந்தத் துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தாலும் தோட்டா அடுக்கின் முன்னால் இவர் நின்றுகொண்டிருப்பார். அறுபதைத் தாண்டியவர். கண்ணாடி நெற்றியில் ஏறியிருக்கும். பெட்டி மூக்கு நுனியில் இருக்கும். இடது கையில் இன்னொரு பெட்டி, அக்குளில் மூன்றாவது. ஆடித் தள்ளுபடிக்குத் தி.நகர் வந்த மாமியின் அதே நிலை. முதலில் எடுத்த புடவைதான் பிடித்திருக்கிறது, ஆனால் இன்னும் எண்பது புடவையைப் பிரிக்கவில்லையே என்ற விசாரம். இவர் தலையைக் கண்டதும் கடைப் பையனுக்குப் பசிக்க ஆரம்பித்துவிடும். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் என்று அவனுக்கு அனுபவத்தில் தெரியும்.

டல்லாஸ் பக்கம் நான் குடியிருக்கும் தெருவிலும் இந்த ரகத்தில் ஒருவர் உண்டு. தங்கமான மனிதர். என் புல்வெட்டும் மெஷினை இரண்டு தடவை காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தவர். ஆகவே பேர் வேண்டாம். பெரியவர் என்று வைத்துக்கொள்வோம்.

தோட்டா விஷயத்தில் தலைவலியே கூடாது என்றுதான் பெரியவர் அந்த ரிவால்வரை வாங்கினார். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 2011இல் கொண்டுவந்தது. ஆறு அறை, மூன்று விதத் தோட்டாவும் ஏற்கும். பெயர் ‘கவர்னர்’. இதற்கு முன்பே பிரேசில் நாட்டு டாரஸ் கம்பெனி ‘ஜட்ஜ்’ என்று ஒன்றை இறக்கியிருந்தது. ஃப்ளோரிடா பக்கம் நீதிபதிகள் சிலர் தற்காப்புக்கு வாங்கியதால் வந்த பெயர் என்பார்கள். ஜட்ஜா கவர்னரா என்று பெரியவர் நாலு மாதம் யோசித்தார். கடைசியில் கவர்னர் வீட்டுக்கு வந்தார். வந்த கோப்பைக் கிடப்பில் போடுபவர் கவர்னர் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. இங்கே துப்பாக்கி பாவம், விசையை இழுத்தால் சுட்டுவிடும். கிடப்பில் போடுவதெல்லாம் சொந்தக்காரர்தான்.

மூன்று விதம் என்றேனே, அதில்தான் வினை. முதலாவது ‘45 கோல்ட்’, 1873ஆம் ஆண்டுச் சரக்கு. குதிரையும் தொப்பியுமாகச் சினிமாவில் வருகிறவர்கள் சுடுவது. இரண்டாவது ‘45 ஏசிபி’. அமெரிக்க ராணுவம் 1911 முதல் எழுபது வருஷத்துக்கு மேல் இடுப்பில் கட்டியிருந்த பிஸ்டலின் தோட்டா. இதற்குப் பின்பக்கம் விளிம்பு கிடையாது. ரிவால்வர் அறையில் பிடிமானமாக நிற்க நிலா வடிவத் தகடு ஒன்றில் மாட்டி நுழைக்க வேண்டும். அந்தத் தகட்டில் தோட்டாவை மாட்டுவதும் கழற்றுவதும் பலாச்சுளை எடுப்பது போல: பொறுமையும் வேண்டும், நகமும் வேண்டும்.

மூன்றாவது ஷாட்கன் ஜாதி, ‘ஃபோர்-டென்’. மற்ற ஷாட்கன்களின் அளவெல்லாம் விசித்திரக் கணக்கு. பன்னிரண்டு கேஜ் என்றால், அந்தக் குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு. இது மட்டும் நேர்மையாக 0.410 அங்குலம். பெரியவருக்கு இதில் அபார மரியாதை. ஆனால் நேர்மைக்குள்ளும் கிளைகள் உண்டு. கடுகு போல ஈயமணிகள் நூற்றுக்கணக்கில் போட்டது ஒன்று, அது பாம்புக்கு. பெரிய பால்ரஸ் குண்டு நாலு வைத்தது இன்னொன்று. மூன்று தட்டையான வில்லைகளும் அவற்றோடு பன்னிரண்டு சின்ன உருண்டைகளும் அடைத்தது மற்றொன்று. இதைக் காட்டும்போது பெரியவர் முகத்தில் வடை பாயசத்தோடு இலை போட்டவரின் பெருமிதம் தெரியும்.

ஈயமணிகளைச் சுட்டால் அவை எங்கே போகும் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. குழலின் உட்புறம் சுருள்சுருளாக வரி செதுக்கியிருக்கிறது; ஒற்றைக் குண்டு அந்த வரியில் சுழன்றால் நேராகப் போகும். மணிக்கூட்டம் சுழன்றால் பிள்ளையார் கோயில் சிதறுகாய்தான், நடுவில் ஓட்டை விட்டுச் சுற்றிலும் பரவும். அப்படியானால் வரி எதற்கு? உள்ளே வழவழவென்று இருந்தால் 1934ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கைத்துப்பாக்கியாக ஏற்காது. தனிப் பதிவு வந்து நிற்கும்; 2025 முடியும்வரை தனி வரியும் இருந்தது. ஆக, வரி கட்டாமல் இருக்க வரி போட்டிருக்கிறார்கள். இதை நான் தமிழில் சொல்லிச் சிரித்தேன். பெரியவருக்கு மொழிபெயர்க்க முடியவில்லை. அவ்வளவு செய்தும் கலிஃபோர்னியாக்காரர்கள் இதைக் குட்டை ஷாட்கன் என்று சொல்லி உள்ளே விடுவதில்லை. பெரியவரின் மகள் அங்கே இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கவர்னர் வீட்டுக் காவலுக்கு இருந்துவிடுவார்.

கடையில் இளவட்டம் யாராவது 38 தோட்டா கேட்டால் பெரியவர் காதில் விழாமல் போகாது. “அது முப்பத்தெட்டே இல்லை, தெரியுமா?” என்று ஆரம்பிப்பார். 38 ஸ்பெஷல் குண்டின் குறுக்களவு 0.357 அங்குலம்தான். 44 என்பதும் 0.429தான். அந்தக் காலத்தில் உறையின் வெளி அளவை வைத்துப் பேர் சூட்டினார்கள். பிறகு குண்டு உறைக்குள் இறங்கிவிட்டது, பேர் மட்டும் மேலேயே தங்கிவிட்டது. அதனால்தான் 357 மேக்னம் ரிவால்வரில் 38 போட்டுச் சுடலாம். மேக்னத்தை 38இல் போட முடியாதபடி, 1935இல் அதை உருவாக்கியபோதே உறையைக் கொஞ்சம் நீட்டிவிட்டார்கள். பையன் தலையை ஆட்டிக்கொண்டே பணத்தைக் கொடுத்து, மீதியைக்கூட எண்ணாமல் ஓடிவிடுவான். எட்டு முழ வேட்டியை எட்டு முழம் என்று நம்பி வாங்குகிறவர்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்களே என்று பெரியவருக்கு ஆதங்கம்.

எந்தத் தோட்டா என்பது பாதிக் கேள்விதான். எந்த வரிசை என்பது மீதி. ஒரே உருளையில் மூன்றையும் கலந்து போடலாம் அல்லவா? இரண்டு வாரம் காகிதத்தில் படம் போட்டுப் பார்த்துவிட்டு, முதலில் பாம்புக் கடுகு, அப்புறம் வில்லை, அப்புறம் பால்ரஸ், பிறகு 45 வகைகள் என்று பந்திக்குப் பரிமாறுவது போல ஒரு வரிசையை நிச்சயித்தார். என்னையும் ஊருக்கு வெளியே இருந்த சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். “முதல் வெடி ஊசிப்பட்டாசு மாதிரி இருக்கும். பயப்படாதீங்க” என்றார்.

அடித்தது அணுகுண்டு. காதுக்கவசத்தையும் மீறி என் பல் ஆடியது. பெரியவர் துப்பாக்கியையே சந்தேகமாகப் பார்த்தார். அடுத்ததும் அப்படியே. மோரில் தொடங்கிய பந்தி ஊறுகாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆறாவதாகத்தான் அந்தக் கடுகு வந்து காகிதத்தில் அம்மைத் தழும்பு போட்டது. அவர் பழகியது அப்பாவின் கோல்ட் ரிவால்வரில்; அதன் உருளை வலமாகச் சுற்றும். இவருடையது இடமாகச் சுற்றும். பிரதட்சிணக் கணக்கில் அடுக்கியதை அப்பிரதட்சிணத்தில் சுட்டிருக்கிறார். போதாக்குறைக்கு, விசையை இழுத்ததும் உருளை ஓர் அறை நகர்ந்த பிறகுதான் சுத்தியல் விழும். மேலே முதல் மரியாதையோடு வைத்தது கடைசியில்தான் வெடிக்கும். நாற்பது வருஷமாகச் சுடுகிறவருக்கு இது தெரியாதா என்றால், தெரியும். இரண்டு வாரம் படம் போட்டதில் மறந்துவிட்டது.

அன்று திரும்பும் வழியில் ‘மெடுசா’வைப் பற்றிச் சொன்னார். 1990களில் இதே டெக்ஸாஸில், ஹன்ட்ஸ்வில்லில், ஒரு சின்னக் கம்பெனி செய்த ரிவால்வர். 9 எம்எம், 38, 357 என்று அந்தப் பருமனில் இருபத்தைந்து விதத் தோட்டா போகுமாம். கம்பெனி நிலைக்கவில்லை. அதைச் சொல்லும்போது, கட்டிக்கொள்ளாமல் விட்ட அத்தை மகளைப் பற்றிப் பேசுகிறவர் குரல் வந்தது. எனக்கோ அந்த வீட்டு அம்மாளை நினைத்து வயிற்றில் புளி கரைத்தது.

2020இல் கொரோனா வந்தது. கழிவறைக் காகிதத்தோடு சேர்ந்து தோட்டாவும் காணாமல் போயிற்று. எது கிடைத்தாலும் சுடலாம் என்று வாங்கிய துப்பாக்கிக்குப் பொற்காலம் என்று நினைத்தேன். பெரியவர் வழக்கமாகப் போகும் கடையில் எதுவுமே இல்லை. பல வாரம் அலைந்து, அலமாரி மூலையில் அநாதையாகக் கிடந்த 45 கோல்ட் ஒரு பெட்டியைப் பெரியவர் கொண்டுவந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்குக் கையாட்டினார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு. வீட்டில் பெட்டி ஒன்று, யோசனை பூஜ்யம். ஏழெட்டு மாதம் புல்வெட்டினார், தக்காளி போட்டார், பேரக்குழந்தைக்கு மரக்குதிரை செதுக்கினார்.

மறு வருஷம் சரக்கு மெல்ல மெல்ல வரத் தொடங்கியது. ஒரு காலை அவர் மனைவி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சமையல்கட்டுல விளக்கு எரியுது” என்றார். “மறுபடியும் படம் போட ஆரம்பிச்சுட்டார்.”