டோக்கியோவில் காட்டுக்குப் போவது எப்படி?

முதலில் மலையேறும் பூட்ஸைக் கழற்றி வையுங்கள். இந்தக் காட்டுக்கு மின்ரயிலில் போகலாம். ஹராஜுக்கு நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் இளசுகள் மொய்க்கும் தகேஷிதா தெரு, மறுபக்கம் மெய்ஜி ஜிங்கூ கோயிலின் மரத் தோரணவாயில். உள்ளே ஏறக்குறைய 70 ஹெக்டேரில் இருள் கவிந்த மரங்கள். "ஆதிவனம்!" என்று கண் கலங்குங்கள், அதுதான் முறை. கலங்கி முடித்ததும் இதைப் படியுங்கள். 1920-இல் எழுந்த கோயிலுக்காக நட்ட தோப்பு அது. நாடெங்கிலுமிருந்து மக்கள் காணிக்கையாகத் தந்த மரங்கள் சுமார் 1,00,000. பின்னாளில் மனிதக் கை படாமலே காடாகிவிட வேண்டும் என்று வனவியலாளர் ஹோண்டா செய்ரோக்குவும் சகாக்களும் நூறாண்டுக்கு மேல் கணக்குப் போட்டு நட்டார்கள். பாதையில் விழும் சருகைக் கூட்டி இன்றும் மரத்தடியிலேயே கொட்டுகிறார்கள். கோபுரம் தேடி அலைபவர்கள் துடைப்பத்தைக் கவனிப்பதில்லை. நீங்கள் கவனியுங்கள்.

அடுத்து, காட்டுவிலங்கு. காகம் எளிது, இரும்புக்கம்பி ஹேங்கர்களைத் திருடிக் கூடு கட்டும், தேட வேண்டியதே இல்லை. தனுக்கி வேண்டுமானால் கொஞ்சம் பொறுமை தேவை. நாய்க் குடும்பத்தைச் சேர்ந்தது, கண்ணைச் சுற்றிக் கறுப்புத் திட்டு, நாட்டுக்கதைகளில் உருமாறி மனிதரை ஏமாற்றும். நகரின் நட்டநடுவே அரண்மனை வளாகத்தில் வசிக்கிறது. அங்கே அதன் எச்சத்தை ஞாயிறுதோறும் பொறுக்கி, என்ன தின்கிறது என்று ஐந்தாண்டு ஆராய்ந்தவர் யார் தெரியுமா? அன்றைய பேரரசர் அகிஹிதோவேதான். கட்டுரை 2016-இல் வெளிவந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை அதிகம் என்று இனி யாரிடமும் அலுத்துக்கொள்ளாதீர்கள்.

சாமி கும்பிட நிஹோன்பாஷி மித்சுகோஷி கடைக்குப் போங்கள். லிப்ட் ஏறினால் மொட்டைமாடியில் கோயில் இருக்கிறது. பையோடு போகலாம், தடையில்லை.

கடைசியாக, அசல் பழமை. அதற்கு டோக்கியோவை விட்டு இசே என்ற ஊரின் கோயிலுக்குப் போக வேண்டும். ஏழாம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கப்படி, 20 ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே அளவில், அதே வெட்டில் புதுக் கோயில் எழுப்பிவிட்டுப் பழையதைப் பிரித்துவிடுவார்கள். இடையில் போர்க்காலங்களில் தடைபட்டதும் உண்டு. இப்போது நிற்பது 2013-இல் கட்டியது. ஆக, உங்கள் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியைவிட வயது குறைவாக இருக்கக்கூடும். மரம்தான் புதிது, தச்சர் கையில் இருக்கும் வித்தை பழையது. ஆனால் வேலிக்கு அப்பால் விட மாட்டார்கள், கூரை நுனிதான் தெரியும். படம் எடுக்கவும் கூடாது.

அடுத்த கோயில் 2033-இல். பழமையைப் புத்தம்புதிதாகப் பார்க்க விரும்புவோர் இப்போதே விடுப்புக்கு எழுதிக் கொடுக்கவும்.