சுழி பார்ப்பவர்

மாடு வாங்கப் போகிறவனோடு சந்தைக்குப் போய், வாங்கவிடாமல் வீடு வரை கூட்டிக்கொண்டு வந்து விடுகிறவர் சுழி பார்ப்பவர். கடலூர் மாவட்டம் கம்மாபுரம் வட்டாரத்தில் ஊருக்கு ஒருவராவது உண்டு. இவரைத் தரகரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தரகருக்கு வியாபாரம் முடிந்தால் காசு. இவருக்கு வியாபாரம் முறிந்தால் பெருமை. கூலி என்று கைநீட்டி வாங்கமாட்டார். பஸ் டிக்கெட், இரண்டு டீ, நாலு பரோட்டா, வெற்றிலை பாக்கு, திரும்பும்போது பேரப்பிள்ளைக்குக் கொஞ்சம் காராசேவு. நாலைந்து சந்தைக்கு இதைக் கூட்டிப் பார்த்தவர்கள், கூலியே கொடுத்துத் தொலைத்திருக்கலாம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

பரிசோதனை பல்லில் தொடங்கும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே மட்டும் எட்டு. பால்பல் விழுந்து நடுவில் இரண்டு பெரிய பல் முளைத்தால் ‘ரெண்டு பல்லு’, வயது இரண்டைத் தாண்டிவிட்டது என்று பொருள். பிறகு நாலு பல், ஆறு பல். எட்டும் முளைத்துவிட்டால் ‘கடை சேர்ந்தது’, வயது நாலு நாலரை இருக்கும். மாட்டின் உதட்டை இரண்டு விரலால் பிரித்து, அது தலையை உதறுவதற்குள் எண்ணி முடிப்பதில் இவருக்கு உண்மையான கைத்திறமை உண்டு. அதோடு நின்றிருந்தால் இவரைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை.

அடுத்தது நடை. முன்னங்கால் பதிந்த தடத்தில் பின்னங்கால் விழுகிறதா, குளம்பு விரியாமல் நெருங்கி இருக்கிறதா, நெஞ்சு அகலமா, கண்ணில் நீர் வடிகிறதா என்று பார்ப்பார். கால்நடை மருத்துவரை அழைத்துப் போனாலும் ஏறக்குறைய இதைத்தான் பார்ப்பார். இத்தனையும் தேறிவிட்டால் வாங்க வந்தவன் முகம் மலரும், கை மடியிலிருக்கும் பணத்தைத் தொட்டுப் பார்க்கும். சுழி பார்ப்பவருக்குப் பொறுக்காத கட்டம் இது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்.

சுழி என்பது ஒரு புள்ளியைச் சுற்றி ரோமம் வட்டமாகப் படிந்திருக்கும் இடம். மனிதர்களுக்கு உச்சந்தலையில் இருப்பதும் அதுதான். அங்கே இரண்டு இருந்தால் இரண்டு கல்யாணம் என்று சொல்லி எத்தனையோ பையன்களை அம்மாக்கள் கவலையோடு வளர்த்திருக்கிறார்கள். மாட்டுக்கு நெற்றியில் ஒன்றாவது அநேகமாகத் தப்பாது. திமில், முதுகு, விலா, வாலடி என்று வேறு எங்கும் இருக்கலாம். எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதைக் கொண்டு பெயரும் பலனும் வைத்திருக்கிறார்கள். கோபுரச் சுழி, லட்சுமிச் சுழி, விபூதிச் சுழி, தாமணிச் சுழி எல்லாம் நல்லவை. நெற்றியில் மூன்று இருந்தால் முக்கண் சுழி, ஒன்றுக்கு மேல் ஒன்று இருந்தால் குடைமேல் குடை, இரண்டும் ஆகாது. துடைப்பச் சுழி வீட்டைத் துடைத்துவிடும். பாடைச் சுழிக்கு விளக்கம் தேவையில்லை. பெண்டிழந்தான் சுழி உள்ள மாட்டை வாங்கினால் வாங்கியவன் மனைவியை இழப்பான்.

முதுகில் பூரான் ஊர்ந்த மாதிரி ரோமம் நீளவாக்கில் படிந்திருந்தால் அது பூரான் சுழி. ஏறுபூரான் என்றால் குடும்பம் ஏறும், இறங்குபூரான் என்றால் இறங்கும். பூரான் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது பார்க்கிறவர் தலைப்பக்கம் நிற்கிறாரா வால்பக்கம் நிற்கிறாரா என்பதைப் பொறுத்தது. சுழி பார்ப்பவர் எப்போதும் இறங்குகிற பக்கம்தான் நிற்பார்.

சுழி கண்ணுக்கு அகப்படாவிட்டாலும் விடமாட்டார். வெயிலில் தெரியாது, நிழலுக்கு ஓட்டச் சொல்வார். நிழலில் தெரியாது, மறுபடி வெயிலுக்கு. ரோமத்தை வாயால் ஊதுவார். விரலில் எச்சில் தொட்டு எதிர்வாக்கில் தடவுவார். இரண்டு நிமிஷம் அப்படித் தடவினால் எந்த மாட்டுக்கும் சுழி வந்துவிடும். பிறகு எழுந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் டீக்கடைப் பக்கம் நடப்பார். வாங்க வந்தவன் பின்னாலேயே ஓடுவான்.

“என்னா மாமா, பார்த்துட்டீங்களா?”

“பார்த்தேன்.”

“மாடு எப்பிடி?”

“நல்ல மாடு.” டீ வரும். ஆற்றிக் குடிப்பார். தம்ளரைக் கீழே வைத்த பிறகு மீதி வரும். “நம்ப வூட்டுக்கு வேணாம்.”

இந்த மூன்று சொற்களில் இருக்கிறது அவருடைய வித்தை முழுவதும். மாடு நல்ல மாடு என்று சொல்லிவிட்டதால் விற்கிறவன் சண்டைக்கு வரமுடியாது. ‘நம்ப வூட்டுக்கு’ என்று சேர்த்துக்கொண்டதால் வாங்குகிறவன் கோபிக்கவும் முடியாது. ஏன் என்று கேட்டுவிடலாம். ஆனால் பதில் பெண்டிழந்தானாக இருந்தால் அதை வீட்டில் போய் எப்படிச் சொல்வது? அதனால் யாரும் கேட்பதில்லை. சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியாளுக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை நேரம் பிடித்த விரல் பேரமும் இந்த மூன்று சொற்களுக்கு முன்னால் நிற்காது.

சந்தையில் மாட்டை விற்பவன் தன் கயிற்றைக் கழற்றிக்கொள்வான். வாங்குபவன் தன் கயிற்றைக் கட்டிக்கொள்வான். கயிறு மாற்றுவது என்று இதற்குப் பெயர். ஆகவே மாடு வாங்கக் கிளம்புகிறவன் முதலில் புதுக் கயிறு வாங்குகிறான். சுழி பார்ப்பவர் கூட வந்தால் அந்தக் கயிறு, போன மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். அடுத்த வாரமும் போகும், வரும். ஐந்து சந்தை பார்த்த கயிறு ஒன்று கடைசியில் கோழிக்கூட்டின் கதவைக் கட்ட உதவியது. அதற்குள் உழவுப் பருவம் முடிந்து, மணிக்கணக்கு வாடகைக்கு டிராக்டர் வந்து ஓட்டிவிட்டுப் போயிருந்தது. டிராக்டருக்கு சுழி இல்லை. நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஆட்டுச் சந்தையில் இவருக்கு மதிப்பில்லை. வேப்பூரில் வெள்ளிக்கிழமை கூடும் சந்தையில் ஆட்டைத் தூக்கிப் பார்த்துக் கறி எத்தனை கிலோ தேறும் என்று கணக்குப் போடுகிறார்கள். வீட்டுக்கு ஆகுமா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கலைக்கு மூலம் எது என்று கேட்டால் சகாதேவன் என்பார். விராடன் ஊரில் பாண்டவர்கள் ஒளிந்திருந்த ஒரு வருஷம் நகுலன் குதிரைக்கும் சகாதேவன் மாட்டுக்கும் பொறுப்பாக இருந்ததும், காளைகளின் இலட்சணம் தனக்குத் தெரியும் என்று சகாதேவன் சொல்லிக்கொண்டதும் பாரதத்தில் உள்ளவைதான். விராடனை மாடு வாங்கவிடாமல் தடுத்ததாக அதில் எங்கும் இல்லை.

குதிரைக்கும் சுழி உண்டு. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி, நாட்டுக்குதிரை எல்லாம் வருகின்றன. வாங்க வருகிறவர்கள் அங்கேயும் சுழி தேடுகிறார்கள். கம்மாபுரத்திலிருந்து அங்கே போன சுழி பார்ப்பவர், குதிரைக்கு மேல்தாடையிலும் முன்பல் உண்டு என்பதைக் கைவிரலால் தெரிந்துகொண்டு திரும்பினார். அவர் யோசிக்காமல் வாங்கிய ஒரே குதிரை, விருத்தாசலத்தில் பேத்திக்கு எடுத்த பீங்கான் பொம்மை. பீங்கானில் ரோமம் இல்லை.

பெரும் பணக்காரர்கள் பந்தயக் குதிரைக் குட்டியை ஏலத்தில் எடுக்கும்போது சுழியை நம்புவதில்லை. காலுக்கு எக்ஸ்ரே, தொண்டைக்குள் குழாய்க் கேமரா, தாய் தகப்பன் வம்சாவளி, ஓடவிட்டுக் கடிகாரம் என்று பார்க்கிறார்கள். 2006-இல் அமெரிக்காவில் புளோரிடா ஏலத்துக்கு வந்த கிரீன் மங்கி என்ற இரண்டு வயதுக் குட்டி, ஒரு பர்லாங்கை 9.8 விநாடியில் ஓடிக் காட்டி 1 கோடியே 60 லட்சம் டாலருக்குப் போனது. பிறகு மூன்றே பந்தயம் ஓடியது, ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. 1975-இல் வெறும் 17,500 டாலருக்குப் போன சியாட்டில் ஸ்லூ 1977-இல் அந்த நாட்டின் மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றது. கம்மாபுரத்தார் அங்கே நின்றிருந்தால் இரண்டையும் நம்ப வூட்டுக்கு வேணாம் என்றிருப்பார். கிரீன் மங்கி விஷயத்தில் அந்த வீட்டுக்கு எத்தனை மிச்சம்!

அவர் கட்சிக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அது அவர் காதுக்கு எட்டாமல் இருப்பது நல்லது. அமெரிக்காவில் கால்நடை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் அவரோடு சேர்ந்தவர்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண்களுக்கு மேலே உயரத்தில் இருக்கும் மாடுகள், பிடித்துக் கட்டும்போது மற்ற மாடுகளைவிட அதிகமாக மிரள்கின்றன என்று கண்டார்கள். மிரளும் என்றுதான் கண்டார்கள். வாங்கியவன் மனைவி சாவாள் என்று கண்டுபிடிக்கவில்லை.

வேடிக்கை இதோடு சரி. கெட்ட சுழி என்று பெயர் வாங்கிய மாட்டுக்கு விலை பாதியாக விழுகிறது. உழவுக்கோ பாலுக்கோ அதைக் கேட்க ஆள் இல்லாமல் போனால், சாயங்காலம் கடைசியாக நிற்கும் லாரியில் அது ஏறும். நல்ல பல், நல்ல நடை, இரண்டு வயது. விற்க வந்தவன் போட்ட தீவனக் காசுகூடத் தேறாமல் வெறும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போகிறான். ஒரு கொத்து மயிர் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்பதற்காக இது நடக்கிறது. டீ குடித்து முடித்தவர் லாரி நிற்கும் பக்கம் திரும்புவதே இல்லை.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், அநியாயம் செய்தவர் பேரில் காகிதத்தில் எழுதிப் பிராது கட்டும் வழக்கம் இருக்கிறது. கொடுத்த கடன் வராதவர்கள் கட்டுகிறார்கள், திருட்டுக் கொடுத்தவர்கள் கட்டுகிறார்கள். சுழி பார்ப்பவர் பேரில் கட்ட ஒருவருக்கும் மனம் வருவதில்லை. நள்ளிரவில் மாடு கன்று போடமுடியாமல் தவித்தால், கூப்பிட்ட குரலுக்கு அரிக்கேன் விளக்கோடு வந்து விடியும் வரை தொழுவத்தில் உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். அந்த நேரத்தில் சுழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அவர் வீட்டிலும் ஒரு பசு நிற்கிறது. அவர் அசலூர்க் கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் அவருடைய மனைவி சந்தைக்குத் தனியாகப் போய், ஒரு மணி நேரத்தில் கயிறு மாற்றி ஓட்டிக்கொண்டு வந்தது. இதுவரை நாலு கன்று போட்டிருக்கிறது. வாலடியில் அச்சாகத் துடைப்பச் சுழி. அவர் அந்தப் பக்கம் போவதில்லை. தலைப்பக்கமாகவே நின்று தீவனம் வைத்துவிட்டு வந்துவிடுகிறார்.