விருந்தினர் காற்றைக் குறித்து ஒரு விண்ணப்பம்

பெய்ஜிங் மாநகரச் சுற்றுச்சூழல் பாதுகாப்புப் பணியகத்து மேலதிகாரிகள் சமுகத்துக்கு, அநேக நமஸ்காரம்.

2008-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவை முன்னிட்டுத் தங்கள் நகரில் நிகழ்ந்த அற்புதத்தை உரிய முறையில் சிலாகித்தவர்கள் சொற்பமே என்ற மனக்குறை எனக்கு வெகுகாலமாக உண்டு. ஜூலை 20 முதல் செப்டம்பர் 20 வரை, ஒற்றைப்படை எண்ணுள்ள வண்டிகள் ஒரு நாளும் இரட்டைப்படை எண்ணுள்ளவை மறுநாளுமே வீதிக்கு வரலாமென ஆக்ஞை பிறந்து, சுமார் 33 லட்சம் மோட்டார்களில் பாதி வீட்டோடு நின்றன. கட்டட வேலைகள் ஓய்ந்தன. ஷௌகாங் உருக்காலையும் தன் உற்பத்தியைச் சுருக்கிக்கொண்டது. மாசுக் குறியீடு நூற்றைத் தாண்டாத தினங்களையெல்லாம் 'நீல வான நாள்' என்று தாங்கள் பேரேட்டில் பதிந்தபோது, நுரையீரலின் அடியாழம்வரை போய்த் தங்கும் நுண்துகளை அக்கணக்கில் சேர்க்காதது, கண்ணுக்குத் தெரியாதவரைப் பற்றிப் புறம் பேசலாகாது என்ற பெருந்தன்மையினால்தான் என்பது என் திடமான நம்பிக்கை.

இவ்வளவு உபசாரத்தையும் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். முகமூடியணிந்து விமான நிலையத்தில் வந்திறங்கிய அமெரிக்கச் சைக்கிள் வீரர்கள் பின்னர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். காற்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை. ஆஸ்துமாவுக்கு அஞ்சி மாரத்தானைக் கைவிட்ட எத்தியோப்பியரான ஹைலே கெப்ரெசெலாசி, பத்தாயிரம் மீட்டரில் மட்டும் ஓடி ஆறாவதாக வந்தார். அவர் வேண்டாமென்று விட்ட மாரத்தானிலோ கென்யாவின் சாமுவேல் வான்ஜிரு ஒலிம்பிக் சாதனையே படைத்துவிட்டார்.

நிற்க, நான் எழுத நேர்ந்த காரணம் வேறு. அழைப்பிதழ் இல்லாத சிலரும் அந்தப் பந்தியில் அமர்ந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். விழாவின்போது தாயின் வயிற்றில் எட்டாம் மாதத்திலிருந்த சிசுக்கள், முன்பின் ஆண்டுகளில் அதே பருவத்துச் சிசுக்களைவிடச் சராசரி 23 கிராம் அதிக எடையோடு பிறந்தனவென்று 2015-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. விருந்தினருக்கென்று சுத்தம் செய்த காற்றை, பதக்கம் எதற்கும் போட்டியிடாத உள்ளூர்ப் பிரஜைகள் இப்படி அனுபவித்திருப்பது நிர்வாக ரீதியில் பெரிய முறைகேடு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆயினும் முறைகேட்டை முறையாக்குவது அரசாங்கங்களுக்குக் கைவந்த கலையாதலால், கர்ப்பத்தின் எட்டாம் மாதத்தையே ஒரு சர்வதேசப் போட்டியாகப் பிரகடனம் செய்து, நகரவாசிகள் அனைவருக்கும் அயல்நாட்டு விளையாட்டு வீரர் என்ற அடையாளச் சீட்டைக் காலவரையறையின்றி வழங்க வேண்டுமாய்ப் பிரார்த்திக்கிறேன். உருக்காலையைப் பின்னர் ஹெபெய் மாகாணக் கடற்கரைக்கு மாற்றிவிட்டதாக அறிகிறேன். அங்கேயும் ஜனங்கள் சுவாசிக்கும் வழக்கம் இருப்பதால், சீட்டுகளைச் சற்று அதிகமாகவே அச்சிடச் சொல்லவும்.

இங்ஙனம்,
தங்கள் அபிமானி