காற்றுக்கு மசியாத உப்பு

பெட்ரோல் கலந்த நிலத்தடி நீரைக் காற்று ஊதியே சுத்தம் செய்யலாமாமே, நிஜமா? (வாசகர், விருதுநகர்)

நிஜம்தான். பெட்ரோல் ஆவியாகிற சரக்கு. போர் போட்டு, நீர்மட்டத்துக்குக் கீழே காற்றை அழுத்திச் செலுத்தினால், மேலேறும் குமிழிகள் பென்சீன் போன்றவற்றைக் கூடவே இழுத்து வரும். மேல்மண்ணில் தனித் துளைகள் போட்டு அந்த ஆவியை உறிஞ்சி, கரி வடிகட்டியில் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் கிணற்று நஞ்சு தெருக்காற்றில் கலந்ததுதான் மிச்சம். மண்ணிலுள்ள பாக்டீரியாக்களும் புதுக் காற்று கிடைத்த தெம்பில் எண்ணெயைத் தின்னும். 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் குழாய் கசிந்து, போர் தண்ணீரில் எண்ணெய் வந்ததே, அதுபோன்ற கசிவுகளுக்கு உரிய வைத்தியம் இது.

எங்கள் கரிசல் மண்ணில் எடுபடுமா? (வாசகர், சாத்தூர்)

சிரமம். நனைந்த கரிசல் காற்றுக்கு வழிவிடாது. காய்ந்தால் வெடிப்பு விழும். காற்று அதன் வழியே ஓடிவிடும், கட்டிக்குள் ஊறிய எண்ணெயைத் தொடாது. மணற்பாங்கான நிலம் என்றால் தைரியமாக இறங்கலாம்.

அப்படியே பட்டாசு ஆலைப் பக்கத்துக் கிணறுகளுக்கும் ஊதிவிட வேண்டியதுதானே? (வாசகி, திருத்தங்கல்)

வேண்டாம் அம்மா, வேலைக்கே ஆகாது. அங்கே இறங்கியிருப்பது பெர்குளோரேட், பட்டாசு மருந்தில் சேர்கிற உப்பு. நீரில் நன்றாகக் கரையும், ஆவியாகாது. நாள் முழுக்க ஊதினாலும் குமிழி வெறுங்கையோடுதான் மேலே வரும்.

2013இல் வெளியான ஓர் ஆய்வில், சிவகாசிப் பகுதியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17, லிட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்ற அமெரிக்க வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தன. உச்சம் 7,690 மைக்ரோகிராம், அதாவது ஐந்நூறு மடங்குக்கும் மேல். பெர்குளோரேட் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போய்ச் சேராமல் தடுக்கிறது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள். எனக்குப் பதைப்பு அதனால்தான்.

இதைத் தின்னவும் பாக்டீரியா உண்டு. ஆக்சிஜன் இல்லாதபோது அது பெர்குளோரேட்டையே சுவாசித்து, சாதாரண குளோரைடாக்கிவிடும். ஆக்சிஜன் கிடைத்துவிட்டால் இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காது. ஆகவே இங்கே காற்று ஊதுவது கெடுதல். காற்றை அடைத்துவிட்டு, வெல்லப்பாகு, வினிகர் வகைத் தீனி கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் நெவாடாவின் ஹெண்டர்சன் நகரில் ராக்கெட் எரிபொருளுக்காகப் பெர்குளோரேட் தயாரித்த ஆலைகளிலிருந்து கசிந்தது கொலராடோ ஆறு வரை போனது, 1997இல் கண்டுபிடித்தார்கள். நிலத்தடி நீரை இறைத்து, பாக்டீரியா வளர்த்த தொட்டிகளில் விட்டுத்தான் பெரும்பகுதியைக் குறைத்தார்கள். பக்கத்தில் கேரளாவிலும் ஆலுவா ராக்கெட் எரிபொருள் ஆலையருகே கிணறுகளில் இதே உப்பு வந்தது. ஆக, வழி தெரியாத வியாதி இல்லை.

காய்ச்சிக் குடித்தால் போகாதா? (வாசகி, வெம்பக்கோட்டை)

ரசம் சுண்டினால் உப்புக் குறையுமா? தண்ணீர்தான் வற்றும், பெர்குளோரேட் இன்னும் அடர்த்தியாகும். ஆர்.ஓ. பெருமளவு பிடித்துவிடும். ஆனால் அது கழித்து விடும் தண்ணீரில் அத்தனையும் இருக்கும். அதைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள்.

ஆலைகளை மூடிவிட்டால் தீர்ந்ததா? (வாசகர், சிவகாசி)

மண்ணில் இறங்கியது, மூடிய பிறகும் மழைக்கு மழை கீழே போய்க்கொண்டுதான் இருக்கும். பல லட்சம் பேருக்கு அடுப்பெரிவது அந்தக் கூலியில். மருந்து கலக்கும் அறை கழுவிய தண்ணீரும் கழிவு மருந்தும் மண்ணில் விழாமல் தடுப்பதுதான் முதல் வேலை.

எங்கள் கிணற்றில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? (வாசகர், ஏழாயிரம்பண்ணை)

நாக்குக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு பார்க்கும் வழக்கமான பரிசோதனையிலும் வராது. 'பெர்குளோரேட் பார்க்க வேண்டும்' என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். அடுத்த கிராம சபையில் தீர்மானமாகவே போடச் சொல்லுங்கள். அங்கன்வாடிக்குத் தண்ணீர் எடுக்கும் கிணற்றிலிருந்து தொடங்கட்டும்.